சார்ட் கடைசியில்தான்: வகுப்பில் குழுச் செயல்பாடு நடத்த முழுமையான வழிகாட்டி

சேலத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். குழுச் செயல்பாடு என்றாலே பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, குழுவுக்கு ஒரு சார்ட்டும் ஒரு ஸ்கெட்ச் பென் பாக்கெட்டும் கொடுப்பதுதான் பல வருடம் என் வழக்கமாக இருந்தது. கையெழுத்து அழகாக இருக்கும் பிள்ளை எழுதும். படம் வரையத் தெரிந்த பிள்ளை வரையும். மீதி நான்கு பேர் தலைப்புக்குக் கலர் அடிப்பார்கள். எல்லாச் சார்ட்டிலும் "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்றே இருக்கும்.

புதிதாக வரும் ஆசிரியர்களும், பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களிடம் உழைப்பு குறைவதில்லை, வரிசைதான் மாறிப்போகிறது. ஒவ்வொரு பிள்ளையும் தனியாக யோசித்து முடித்த பிறகே குழு கூட வேண்டும். குழு பேசித் தீர்த்த பிறகே சார்ட் வர வேண்டும்.

36 பிள்ளைகள், 40 நிமிடப் பீரியட், மொத்தம் எட்டுப் பீரியட் என்று வைத்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரே கேள்வியைக் கடைசி வரை பிடித்துக்கொள்கிறேன்: "நம் பள்ளிக்கூடத் தெருவில் பெய்யும் மழை கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது?"

1. முதலில் நீங்கள் நடந்து பாருங்கள்

ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளி வாசலில் இருந்து கிளம்பி, சாக்கடை போகும் போக்கிலேயே நடங்கள். எங்கே சிலாப் போட்டு மூடியிருக்கிறது, எங்கே திறந்து கிடக்கிறது, எந்த முக்கில் வண்டிகள் வேகமாகத் திரும்புகின்றன, எந்தத் திண்ணையில் பேச்சுக்கு ஆள் கிடைக்கும் என்பதெல்லாம் நடந்தால்தான் தெரியும். நீங்கள் போகாத இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

பெரிய படத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலையில் தொடங்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்துக்கு நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. நகரத்துச் சாக்கடைகள் பலவும் அதில்தான் விழுகின்றன. சரபங்காவும் அதே மலையில் பிறந்து ஓமலூர், எடப்பாடிப் பக்கமாகப் போய்க் காவிரியைச் சேருகிறது. மலையின் மறுபுறம் இறங்கும் வாணியாறோ தர்மபுரி மாவட்டத்துக்குள் போய்த் தென்பெண்ணையில் சேருகிறது.

இதையெல்லாம் உங்கள் நோட்டில் எழுதி மூடி வைத்துவிடுங்கள். முதல் நாளே சொல்லிவிட்டால் பிள்ளைகள் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

2. கேள்வியைச் சோதித்துப் பாருங்கள்

எந்தப் பாடமாக இருந்தாலும், கேள்வியைக் குழுவிடம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் பார்க்கிறேன். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் பிள்ளை தனியாக உட்கார்ந்து அரை மணியில் முடித்துவிடுமா? முடிக்கும் என்றால் அது வீட்டுப்பாடத்துக்குத்தான் சரி. கைடிலோ செல்போனிலோ அப்படியே கிடைக்குமா? கிடைத்தால் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கொண்டு வருவார்கள், கடைக்காரருக்குத்தான் அதில் வேலை. மூன்றாவது, நடந்து போகும் தூரத்தில் கண்ணால் பார்க்க முடியுமா?

"நீரின் முக்கியத்துவம்" மூன்றிலும் தோற்கும். "நம் தெரு மழை எங்கே போகிறது" மூன்றிலும் தேறும். தெரு நீளமானது, ஒருவரால் முடியாது. எந்தப் புத்தகத்திலும் உங்கள் தெரு இருக்காது.

அதே சேர்வராயன் மலை மேல் இருக்கும் ஏற்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதே கேள்வி இன்னும் நன்றாக அமையும். மேலே பெய்யும் மழை எந்தச் சரிவில் விழுகிறது என்பதைப் பொறுத்து ஒன்று காவிரிக்குப் போகும், இல்லையென்றால் தென்பெண்ணைக்குப் போகும். உங்கள் பள்ளி எந்தப் பக்கம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றுகள் எங்கே இருக்கின்றன, எது கோடையிலும் வற்றாது என்பதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். அங்கே பனியும் தூறலும் வந்தால் நடையைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும். கூடுதலாக ஒரு நாள் கையிருப்பில் வையுங்கள்.

3. முன்னேற்பாடு

தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்தத் தெரு, எத்தனை மணி, கூட வரும் ஆசிரியர் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். நடைக்கு அடுத்தடுத்து இரண்டு பீரியட் தேவை. காலையில் முதல் இரண்டு பீரியடைக் கேளுங்கள், பத்தரைக்கு மேல் சேலத்து வெயிலில் பிள்ளைகளால் நின்று கவனிக்க முடியாது. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் "இரண்டு வாரம் கொஞ்சம் சத்தம் இருக்கும்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சத்தம் வந்த பிறகு சொன்னால் வருத்தம்தான் மிஞ்சும்.

பெற்றோருக்கு ஒரு வரித் தகவல் அனுப்புங்கள். முதல் தடவை நான் அனுப்பவில்லை. "ஏனுங்க டீச்சர், பிள்ளைங்க சாக்கடை ஓரமா நின்னுட்டு இருந்தாங்களாமே?" என்று ஒரு அம்மா வாசலில் வந்து கேட்டார். அவர் கேட்டது நியாயம்.

பொருள்கள் எல்லாம் வீட்டில் கிடைப்பவைதான். கிழித்த மாதக் காலண்டர் தாள்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று புளியங்கொட்டை, பரீட்சை அட்டை, வளைவில்லாத நேரான தண்ணீர் பாட்டில், ஒரு நூல்கண்டு. சேலத்தில் நெசவு நடக்கும் அம்மாபேட்டை, குகைப் பக்கம் என்றால் தறிவீட்டுக் கழிவு நூலே நிறையக் கிடைக்கும். சார்ட் வாங்க வேண்டாம். வாங்கிப் பீரோவில் வைத்தால் பிள்ளைகளின் கண் அதிலேயே இருக்கும்.

4. நான்கு பேருக்கு மேல் வேண்டாம்

ஆறு பேர் குழுவில் இரண்டு பேர் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. நான்கு பேரில் அது முடியாது. 36 பேருக்கு ஒன்பது குழு. மூன்று பேராக இருந்தாலும் பரவாயில்லை, ஐந்தாக்காதீர்கள்.

பட்டியலை நீங்களே போடுங்கள். "உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்" என்றால் யாரும் கூப்பிடாத இரண்டு மூன்று பிள்ளைகள் சுவரோரம் நிற்பார்கள். அந்த அரை நிமிடத்தை அவர்கள் வருடம் முழுக்க மறக்க மாட்டார்கள். ஒரே தெருவில் இருந்து வரும் பிள்ளைகளைப் பிரித்துப் போடுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு குழுவிலும் வேறு வேறு தெருவைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

குழுத் தலைவர் என்று யாரையும் வைப்பதில்லை. தலைவர் வந்ததும் மற்ற மூன்று பேரும் அவர் சொன்னதைச் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பெஞ்சைத் திருப்பிப் போட்டு உட்காருவதை மட்டும் முதல் நாளே மூன்று தடவை பழக்குங்கள். பழக்காவிட்டால் ஒவ்வொரு பீரியடிலும் பத்து நிமிடம் பெஞ்சு இழுப்பதிலேயே போய்விடும்.

5. தனியாக எழுதும் பத்து நிமிடம்

புதியவர்கள் முதலில் விட்டுவிடும் படி இதுதான். ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காலண்டர் தாள். பேசக் கூடாது, பக்கத்தில் பார்க்கக் கூடாது. தெரிந்ததை எழுதலாம், வரையலாம், அம்புக்குறி போடலாம். "எனக்குத் தெரியாது" என்று எழுதினாலும் சரி, ஆனால் எது தெரியாது என்று எழுத வேண்டும். நீங்களும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுங்கள். நடுவில் போய் யார் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தால், பிள்ளை அடித்துவிட்டு உங்களுக்குப் பிடித்ததாக எழுதும்.

முதல் மூன்று நிமிடம் நமக்கே கஷ்டமாக இருக்கும். பிள்ளைகள் மேலே பார்ப்பார்கள், பென்சில் சீவுவார்கள். பொறுத்திருங்கள். நாலாவது நிமிடத்தில்தான் எழுத ஆரம்பிப்பார்கள்.

இது ஏன் முதலில் வர வேண்டும்? குழுவில் வேகமாகப் பேசுபவர் சொல்லும் முதல் பதில் மற்றவர்களின் யோசனையை நிறுத்திவிடுகிறது. மெதுவாக யோசிக்கும் பிள்ளையின் கையில் எழுதிய தாள் இருந்தால், அது வாய் திறக்காவிட்டாலும் அந்தத் தாள் பேசும்.

என் வகுப்பில் ஒரு பெண். வாய் திறந்து பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் வீட்டில் குழித்தறி. அவள் தாளில் ஒரு வீடு, ஒரு குழி, தெருவில் இருந்து குழியை நோக்கி ஒரு அம்பு. கீழே, "மழை வந்தா எங்க வீட்டுத் தறிக்குழியில்தான் முதல்ல தண்ணி ஊறும். அப்புறம்தான் கோயில் பக்கம் போகும்" என்று எழுதியிருந்தாள். தெருவில் எது பள்ளம், எது மேடு என்று வகுப்பிலேயே சரியாகத் தெரிந்த ஒரே பிள்ளை அவள்தான். நேராகக் குழுவாக உட்கார வைத்திருந்தால் அன்றும் தலைப்புக்குக் கலர்தான் அடித்திருப்பாள்.

தாளில் பெயரும் தேதியும் எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடைசிப் படிக்கு அவை வேண்டும்.

6. இருவர், அப்புறம் நால்வர்

முதலில் பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிடம். ஒருவர் தன் தாளைக் காட்டிச் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும், பிறகு மாற்ற வேண்டும். ஒரு ஆளிடம் பேசிப் பழகிய பிள்ளைக்கு மூன்று பேரிடம் பேசுவது எளிது.

அப்புறம் நால்வர். இங்கேதான் புளியங்கொட்டை. ஆளுக்கு மூன்று. ஒரு தடவை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். கொட்டை தீர்ந்தவர், மற்றவர்களுடையது தீரும் வரை காத்திருக்க வேண்டும். அதிகம் பேசும் பிள்ளை இரண்டாம் நாளே கொட்டையைச் சேமித்து வைத்துப் பேசக் கற்றுக்கொள்கிறது. கேள்வி கேட்பதற்குக் கொட்டை செலவு கிடையாது என்று ஒரு விதி சேருங்கள், ஒருவரை ஒருவர் கேட்டுத் தூண்டுவார்கள்.

குழு முடிவில் ஒரு தாளில் இரண்டு தலைப்பு மட்டும்: "நாங்கள் ஒத்துக்கொண்டது", "எங்களுக்குள் சண்டை இருக்கிறது". இரண்டாவது தலைப்பு காலியாக இருந்தால் அந்தக் குழுவில் ஒருவர் மட்டும்தான் பேசியிருக்கிறார் என்று அர்த்தம். சண்டைப் பட்டியல்தான் நடையில் எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கும். 5, 6 இரண்டு படிக்கும் சேர்த்து இரண்டு பீரியட் ஆகும்.

7. தெருவில் நடப்பது

தெருவை மூன்று துண்டாகப் பிரியுங்கள். மொத்தம் 400 மீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு துண்டுக்கு மூன்று குழு. வேண்டுமென்றேதான் மூன்று குழுவுக்கு ஒரே துண்டைக் கொடுக்கிறேன். மூன்று அளவும் ஒத்துப்போகாது, யார் அளந்தது சரி என்ற விவாதம் வரும், அந்த விவாதம்தான் பாடம்.

குழுவில் நால்வருக்கும் நான்கு வேலை.

சரிவு பார்ப்பவர்: முக்கால் பாகத்துக்கு மேல் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பரீட்சை அட்டையின் மேல், தெருவின் நீளவாக்கில் படுக்க வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று மேடான பக்கம் நகரும். பாட்டிலை நேராகத் தரையில் வைத்தால் ஒரு சின்னக் கல்லே ஏமாற்றிவிடும், அதனால்தான் அட்டை. ஒரே இடத்தில் மூன்று தடவை பார்த்த பிறகே எழுத வேண்டும்.

அளப்பவர்: காலடியால் அளக்கட்டும். தன் பத்துக் காலடி எத்தனை மீட்டர் என்று பள்ளி மைதானத்தில் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். இதை மறந்து கிளம்பினால் திரும்பி வந்ததும் "47 அடி" என்று எழுதி வைத்துக்கொண்டு, அது எந்த அடி என்று முழிப்பார்கள்.

வரைபவர்: நின்ற இடத்திலேயே வரைய வேண்டும். திரும்பி வந்து ஞாபகத்தில் வரைந்தால் தெரு நேராகிவிடும். வளைந்த இடங்களில் சாக்கடையின் போக்கைப் படத்தின் மேல் நூலை வைத்து அளக்கலாம்.

விசாரிப்பவர்: பெரியவர்களிடம் மூன்று கேள்வி. முன்பு மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? இப்போது எங்கே தேங்குகிறது? எப்போதிருந்து? முதல் கேள்விக்கு முன்னால் "வணக்கம் தாத்தா, நாங்க இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க" என்று சொல்லப் பழக்கியிருக்க வேண்டும். வகுப்பில் இரண்டு தடவை நடித்துப் பார்க்காமல் அனுப்பினால் பாதிப் பிள்ளைகள் வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவார்கள்.

பெரிய ஆட்கள் இரண்டு பேராவது வேண்டும், ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். சாக்கடைக்குள் யாரும் கை வைக்கக் கூடாது. திறந்த கால்வாய் ஓரத்தில் இரண்டடி தள்ளித்தான் நிற்க வேண்டும். இலையைப் போட்டு ஓட்டம் பார்க்க ஆசைப்படுவார்கள். அதை நீங்கள் போடுங்கள், அவர்கள் தூரத்தில் இருந்து பார்க்கட்டும். திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவி முடித்த பிறகுதான் நோட்டு.

நடையின்போது விளக்கம் சொல்லாதீர்கள். எனக்கு இது இன்றும் கஷ்டம்தான். "அதோ பாருங்க" என்று வாய் வந்துவிடும். நாம் காட்டியதை 36 பேரும் எழுதுவார்கள், வேறு எதையும் பார்க்க மாட்டார்கள்.

8. ஒரே வேலை பார்த்தவர்கள் கூடுவது

பி.எட்.டில் ஜிக்ஸா முறை என்று படித்திருப்பீர்கள். சரிவு பார்த்த ஒன்பது பேரும் ஒன்றாக, அளந்தவர்கள் ஒன்றாக. ஒன்பது பேர் ஒரே வட்டத்தில் பேச முடியாது, மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒரே துண்டைப் பார்த்தவர்கள் ஒரே வட்டத்தில் இருக்கும்படி பாருங்கள். அவர்கள் எண்களை ஒப்பிட்டு, வித்தியாசம் ஏன் வந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும்.

பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பி, கண்டதை மற்ற மூன்று பேருக்கும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரிடமும் மற்றவரிடம் இல்லாத ஒரு துண்டு இருக்கிறது. ஒருவர் வாய் திறக்காவிட்டால் வரைபடம் நிறையாது என்பதால், பேசு பேசு என்று நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை.

9. பழைய தாளில் வரைவு, அப்புறம் திருத்தம்

வரைவைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் போட வேண்டும். வெள்ளைச் சார்ட்டில் பிள்ளைகள் தப்புச் செய்யப் பயப்படுவார்கள். கிழிந்த தாளில் தைரியமாக அடித்துத் திருத்துவார்கள். பென்சில் மட்டும், கலர் கிடையாது.

ஒன்பது வரைவுகளையும் சுவரில் தெரு வரிசைப்படி ஒட்டுங்கள். முதல் துண்டின் கடைசி அம்பும் இரண்டாம் துண்டின் முதல் அம்பும் ஒரே பக்கம் போகின்றனவா? பெரும்பாலும் போகாது. அங்கேதான் வகுப்பே எழுந்து நிற்கும். ஒரு வருடம் இரண்டு அம்புகள் எதிர் எதிராக முட்டிக்கொண்டு நின்றன. மதிய இடைவேளையில் என் அனுமதி கேட்டு, கூடவே என்னையும் கூட்டிக்கொண்டு, எட்டுப் பேர் பாட்டிலோடு அந்த முக்குக்குப் போனார்கள். ரோடு போட்டபோது அந்த இடம் மேடாகிவிட்டது, தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிகிறது. இரண்டு குழுவும் சரி.

மற்ற குழுவின் வரைவுக்குக் கருத்து எழுத இரண்டு வடிவம் மட்டும் கொடுங்கள்: "இது எனக்குப் புரிந்தது:", "இது எனக்குப் புரியவில்லை:". சூப்பர், நல்லா இருக்கு என்பவை வேண்டாம், அதை வைத்து எந்தக் குழுவும் எதையும் திருத்த முடியாது. ஒருவருக்கு இரண்டு சீட்டு போதும்.

தெரு முடிந்ததும் மாவட்ட வரைபடத்தை விரியுங்கள். ஒன்றாம் படியில் மூடி வைத்த நோட்டை இப்போதுதான் திறக்க வேண்டும். சாக்கடை திருமணிமுத்தாற்றுக்கு, அது காவிரிக்கு என்று விரலால் பிடித்துப் போவார்கள். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் குழாயில் வரும் குடிதண்ணீர் எங்கே இருந்து வருகிறது?" மேட்டூர் என்று யாராவது சொல்வார்கள். மேட்டூரும் காவிரி. மேலே எடுத்துக் குடித்துவிட்டு, சாக்கடையாக்கி, கீழே அதே ஆற்றில் விடுகிறோம் என்று அவர்கள் வாயாலேயே வரும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வராவிட்டால் மறுநாள் மறுபடி கேளுங்கள்.

10. இப்போது சார்ட்

ஒன்பது சார்ட் வேண்டாம். துண்டுக்கு ஒன்றாக மூன்று சார்ட், சேர்த்து ஒட்டினால் ஒரே தெரு. கலர் அடிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது அடிக்கட்டும். இருபது நிமிடம்.

11. மறுபடியும் தனியாக, அப்புறம் மதிப்பெண்

கடைசிப் பீரியடின் பிற்பாதியில், முதல் நாள் எழுதிய தாளை அவரவரிடம் திருப்பிக் கொடுங்கள். அதன் கீழே ஒரு கோடு போட்டு, அதே கேள்விக்கு இன்று தனியாக விடை எழுதச் சொல்லுங்கள். கோட்டுக்கு மேலும் கீழும் இருக்கும் வித்தியாசம்தான் அந்தப் பிள்ளை கற்றது. குழுவின் சார்ட்டில் அது தெரியாது.

வளரறி மதிப்பீட்டில், அதாவது வகுப்பில் செய்யும் வேலைக்குப் போடும் மதிப்பெண்ணில், இதற்குப் பத்து தருகிறீர்கள் என்றால், ஆறு அந்தத் தாளுக்கு, நான்கு குழு வேலைக்கு. பத்தையும் குழுவுக்கே கொடுத்தால் உழைத்த பிள்ளைக்கு மனம் நோகும். பத்தையும் தனித்தாளுக்குக் கொடுத்தால் அடுத்த தடவை யாரும் இன்னொருவருக்குச் சொல்லித்தர மாட்டார்கள். எப்படிக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நடை நாளில் வராத பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களைப் பூஜ்யம் போட்டு விட்டுவிடாதீர்கள். ஒட்டிய சார்ட்டைப் பார்த்து அவர்களாகவே ஒரு சின்னப் படம் எழுதிக்கொள்ளட்டும். அந்தப் படத்தோடு அவர்களைத் தெருவுக்குக் கூட்டிப் போங்கள், வழியை அவர்கள் சொல்லட்டும். எங்கே குழம்பி நிற்கிறார்களோ, அங்கே சார்ட்டில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, அந்தத் துண்டை வரைந்த குழுவிடம் திருப்பிக் கொடுங்கள்.